காளவாசலில் வெந்த கடல் சிப்பிகள்

எனக்கு ரசாயனத்தில் இடம் கிடைத்திருந்தால் அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுச் சுவர் அவ்வளவு வெள்ளையாக இருந்திருக்காது.

திருச்சிக் கல்லூரியில் சேரப் போன அன்று, ரசாயனப் பிரிவு நிறைந்துவிட்டது என்றார்கள். குமாஸ்தா என் மதிப்பெண் பட்டியலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நிலவியலில் இடம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். நிலவியல் என்றால் என்ன என்று கேட்க வெட்கமாக இருந்தது. வேண்டும் என்றேன். வெளியே வேப்ப மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த அப்பாவிடம், கல், மண், பாறை பற்றிய படிப்பு என்று விளக்கினேன். அப்பா தூரத்தில் தெரிந்த மலைக்கோட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கல்லைப் பத்தி மூணு வருசம் படிக்க என்னப்பா இருக்கு?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் ஊர் திரும்பி வேறு கல்லூரிக்கு மனுப் போட நேரமில்லை.

எங்கள் ஊர் செம்பட்டிக்கும் கன்னிவாடிக்கும் நடுவில் இருக்கிறது. கத்தரி, தக்காளி, சின்ன வெங்காயம் போட்டுத் திண்டுக்கல் சந்தைக்கு ஏற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. அப்பா கைநாட்டு. அண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்றுகொண்டான். அம்மாவுக்கு எழுத்து என்றால் சாமி மாதிரி. ஆனால் ஓர் எழுத்தும் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவன் கல்லூரிக்குப் போய்க் கல்லைப் படிக்கிறான் என்ற செய்தி ஊரில் நன்றாக வேலை செய்தது. விடுமுறைக்கு வந்தால் யாராவது ஒருவர் என்னைத் தன் காட்டுக்கு அழைத்துப் போய் நிறுத்தி, கிணறு எங்கே வெட்டலாம் என்று கேட்பார். எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னால், படித்த பையனுக்குக் கர்வம் வந்துவிட்டது என்பார்கள். அண்ணன் எனக்குக் 'கல்லுக்காலேசு' என்று பெயர் வைத்தான். அந்தப் பெயர் டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

படிப்பு எனக்குப் பிடித்துப்போனது இறுதி வருடத்தில்தான். திண்டுக்கல் பக்கத்துப் பாறை எல்லாம் பூமிக்குள் நெருப்பில் வெந்து இறுகியது, அதில் ஓர் உயிரின் அடையாளமும் இருக்காது என்று பேராசிரியர் முதலிலேயே சொல்லியிருந்தார். எனக்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. ஆனால் திருச்சிக்கு வடக்கே, ஊட்டத்தூர், அரியலூர்ப் பக்கம் தரை வேறு மாதிரி. பல கோடி வருடங்களுக்கு முன்னால் கடல் அங்கே வரை வந்து நின்றிருக்கிறது. கடலின் அடியில் படிந்த சுண்ணாம்பு ஒரு படுகையாகவும், சேறு ஒரு படுகையாகவும் மாறி மாறி இறுகிக் கல்லாகிவிட்டன. அவற்றுக்குள் சிப்பியும் சங்கும் இருந்தபடியே கல்லாகிக் கிடக்கின்றன. கல்லூரியின் கண்ணாடி அலமாரியில் சிலவற்றை வைத்திருந்தார்கள். நான் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தினமும் போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருவேன்.

இதைத் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது சொன்னேன். அந்த வருடம் வைகாசியில்தான் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மதினி கன்னிவாடிக்காரி. எனக்கு ஒரு வயது இளையவளாக இருந்தாலும் முறைக்கு மூத்தவள் என்பதை எனக்கு மறக்கவே விடமாட்டாள். நான் கடல், சேறு, கோடி வருடம் என்று அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு பேசியதை எல்லாம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"கோடி வருசம்னா, அதை யாரு தம்பி எண்ணுனா?" என்றாள்.

நான் விளக்க ஆரம்பித்தேன். அம்மா குறுக்கே புகுந்து, போன பொங்கலுக்கு அடித்த சுக்கான்கல் சுண்ணாம்பு மஞ்சள் பூத்துப்போயிற்று, நல்ல சிப்பிச் சுண்ணாம்பு இந்தப் பக்கம் கிடைப்பதில்லை என்று சுவரைக் காட்டிக் குறைப்பட்டாள். சுக்கான்கல் எங்கள் காடுகளில் மண்ணுக்கடியில் உருண்டை உருண்டையாக இருக்கும். அதைச் சுட்டுத்தான் ஊரில் எல்லாரும் வெள்ளையடிப்பார்கள். நானும் பேச்சு வேகத்தில், அங்கே சிப்பி காலில் மிதிபடக் கிடக்கிறது, அடுத்த மாதம் போகிறோம், ஒரு சாக்கு கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதை நான் மறந்துவிட்டேன். அவர்கள் மறக்கவில்லை.

மார்கழித் தொடக்கத்தில் பேராசிரியர் எங்களை இரண்டு நாள் அங்கே அழைத்துப்போனார். அதுவரை நான் கடலைப் பார்த்தவன் இல்லை. நான் பார்த்த முதல் கடல் ஊட்டத்தூர் ஓடைதான் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஓடைக் கரை வெட்டி வைத்தது போல நின்றது. பழுப்பு மஞ்சளில் சுண்ணாம்புக்கல் ஒரு முழம், அதன் கீழே சாம்பல் நிறத்தில் களிப்பாறை. ஷேல் என்று புத்தகத்தில் படித்தது இதைத்தான். அடுக்கி வைத்த அப்பளம் போல ஏடு ஏடாக உரிந்தது. ஓர் ஏட்டை உரித்தேன். உள்ளே கடாக் கொம்பு போலச் சுருண்ட ஒன்று, விரல் நகம் அளவுக்கு வரிவரியாக இருந்தது. அம்மோனைட். நான்தான் அதை முதலில் பார்க்கிறேன் என்று நினைத்ததும் அந்த ஏட்டைக் கீழே வைக்க மனம் வரவில்லை. இரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நண்பர்கள் என் பங்குப் புளியோதரையையும் சாப்பிட்டார்கள்.

அந்த இரண்டு நாளில் ஒவ்வொருவரும் இருபது புதைபடிவங்கள் சேர்த்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: பெயர், எந்தப் படுகை, எந்த இடம். பொங்கல் விடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமை இருபதையும் பெட்டியில் அடுக்கிக் கொடுக்க வேண்டும். பெட்டி இல்லாதவன் செய்முறைத் தேர்வுக்குள் நுழைய முடியாது. செய்முறை இல்லையென்றால் பட்டம் இல்லை. எனக்குக் கல்விச் சலுகையில் இன்னொரு வருடம் தரமாட்டார்கள். அப்பாவின் கத்தரிக்காட்டை நம்பித் திருச்சியில் நான்காவது வருடம் இருப்பது நடக்கிற காரியமில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு கல்லையும் செய்தித்தாளில் சுற்றி, சீட்டையும் உள்ளே வைத்து, சாக்கில் கட்டி, விடுமுறையில் உட்கார்ந்து துடைத்து அழகாகப் பெட்டி செய்யலாம் என்று ஊருக்கே எடுத்து வந்தேன்.

தொழுவத்து மூலையில் சாக்கை வைத்தேன். மறுநாள் விடியற்காலையில் அப்பாவோடு கத்தரிக்காய் மூட்டையை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போனேன். அங்கே அக்கா வீடு. பொங்கல் நெருக்கத்தில் வந்தவனை ஒரு வேளையில் விடுவாளா. இரண்டு நாள் கழித்துத்தான் விட்டாள்.

செம்பட்டியில் பஸ் மாறி, ஊருக்கு வந்து இறங்கி நடந்தபோது நல்ல வெயில். எங்கள் தெரு திரும்பியதும் கண் கூசியது. எங்கள் வீடு தனியாகத் தெரிந்தது. பாலில் துவைத்த வேட்டி மாதிரி ஒரு வெள்ளை, அதில் துளி நீலம். பக்கத்து வீட்டுச் சுவர்கள் எல்லாம் அதன் முன்னால் குளிக்காத பிள்ளைகள் போல நின்றன. வாசலில் மதினி கையில் வெள்ளையடிக்க நுனி நசுக்கிய மட்டையோடு, புடவையெல்லாம் வெள்ளைப் புள்ளியாக, கடைசித் தூணை முடித்துக்கொண்டிருந்தாள்.

உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதனால் மனதாரப் பாராட்டினேன். இவ்வளவு வெள்ளையான சுண்ணாம்பு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

மதினிக்கு வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தது. "என்ன தம்பி தெரியாத மாதிரி கேக்குறீக. நீங்க கொண்டாந்த சிப்பிதான்."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மதினி மேலே பேசிக்கொண்டே போனாள். தீபாவளிக்குச் சொன்னபடியே கொண்டுவந்து, சொல்லாமல் கொள்ளாமல் தொழுவத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டேனாம். அம்மா பார்த்துவிட்டுக் கண் கலங்கினாளாம். எங்கள் ஊர் ஓடைக் கரையில் காளவாசல் போட்டுக் கல் சுடும் சுண்ணாம்புக்காரம்மா தன் சுக்கானோடு சேர்த்து இதையும் மேலடுக்கில் வைத்துச் சுட்டுக் கொடுத்ததாம். தண்ணீர் தெளித்ததும் பூவாய்ப் பொங்கியதாம். "சிப்பி ஒவ்வொண்ணையும் பேப்பர்ல சுத்தி வச்சிருந்தீகளே, அம்புட்டு அக்கறை எங்க வீட்டு ஆம்பளைக யாருக்கு இருக்கு?" என்று அண்ணனைப் பார்த்து வேறு சொன்னாள். அண்ணன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான்.

தொழுவத்தில் போய்ப் பார்த்தேன். சாக்கு உதறி மடித்து வைக்கப்பட்டிருந்தது. செய்தித்தாள்கள் நீவி அடுக்கப்பட்டிருந்தன. நான் அங்கேயே தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து மதினிக்கு ஏதோ தவறு என்று பட்டிருக்க வேண்டும். பின்னாலேயே வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். பெட்டி, செய்முறை, பட்டம் எல்லாவற்றையும். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தேன், ஒப்பாரி மாதிரித்தான் வந்தது.

மதினி உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தாள். அதற்குள் என் இருபது சீட்டுகளும் இருந்தன. ஒன்றுகூடக் கசங்கவில்லை.

"எழுத்து இருந்துச்சு. எழுத்தை அடுப்புல போடக் கூடாதுன்னு எடுத்து வச்சேன்" என்றாள்.

சிப்பியைச் சுட்டுவிட்டுச் சீட்டைக் காப்பாற்றி வைத்திருந்தாள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அண்ணனும் சிரித்தான். அம்மாவுக்கு மட்டும் என்ன இழப்பு என்று கடைசி வரை புரியவில்லை. "கல்லு தானேப்பா. நம்ம கெணத்து மேட்டுல இல்லாத கல்லா? ரெண்டு கூடை அள்ளிட்டுப் போ" என்றாள்.

அன்று சாயங்காலமே ஓடைக் கரைக்கு ஓடினேன். சுண்ணாம்புக்காரம்மா சாம்பலை வாரிக்கொண்டிருந்தாள். நல்ல திடகாத்திரமான பெண், பேச்சும் அப்படியே. என் சிப்பியைப் பற்றி அவளுக்கு ஒரு புகார் இருந்தது. முக்கால்வாசிச் சரக்கு நல்லதுதான், ஆனால் நடுவில் கொஞ்சம் வேகாத கல்லை நான் கலந்து கொடுத்துவிட்டேனாம். தண்ணீரை ஊற்றினால் அதுபாட்டுக்கு முழித்துக்கொண்டு கிடக்கிறதாம். ஒதுக்கிப் போட்டிருந்த குவியலைக் காட்டினாள்.

குனிந்து பார்த்தேன். சுண்ணாம்புக்கல்லும் சிப்பி ஓடும் வெந்து பொடியாகிவிட்டன. ஆனால் களிப்பாறை ஒரு காலத்துச் சேறுதானே. சேற்றைச் சுட்டால் செங்கல்தான் ஆகும். என் அம்மோனைட்டுகள் செங்கல் நிறத்தில், வரி ஒன்றும் அழியாமல், சாம்பலுக்குள் உட்கார்ந்திருந்தன. ஐந்து தேறின. விரல் நகம் அளவிலிருந்த அந்த முதல் கண்டுபிடிப்பும் அதில் இருந்தது. பச்சையாக இருந்ததைவிடச் சுட்டபின் எடுப்பாகவே தெரிந்தது.

ஐந்து கிடைத்த சந்தோஷத்தில் பதினைந்து போன துக்கம் கொஞ்சம் பின்னால் போனது. ஊட்டத்தூருக்குத் திரும்பப் போக நாளும் இல்லை, கையில் வழியும் இல்லை. சுண்ணாம்புக்காரம்மாவிடம் என் நிலைமையைச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, இப்படிச் சிப்பி ஒட்டின கல் வேண்டுமென்றால் திண்டுக்கல்லில் ரயிலடிக்குப் பக்கத்துக் காளவாசலில் மலையாகக் குவிந்து கிடக்கிறதே என்றாள். அவள் தம்பி அங்கேதான் வேலை பார்க்கிறானாம். தோல் ஷாப்புகளில் ஆட்டுத் தோலை மயிர் கழிய ஊறப்போடும் சுண்ணாம்பு அங்கிருந்துதான் போகிறது. வண்டியில் வரும் நம்மூர்க் கல் ஒரு குவியல், கூட்ஸ் ரயிலில் வரும் வெளியூர்க் கல் ஒரு குவியல்.

மறுநாள் போகியன்று விடியுமுன்பே அண்ணன் வெங்காய மூட்டையோடு வண்டி பூட்டினான். நான் சுத்தியலும் நோட்டுமாக ஏறினேன். மதினியும் ஒரு பனையோலைக் கடகப் பெட்டியோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். திண்டுக்கல்லில் பொங்கல் பானை வாங்க வேண்டும் என்பது அவள் சொன்ன காரணம். வழியில் என்னிடம், "ஒங்க கண்ணை நம்பி நான் வீட்டுல இருக்க முடியாது தம்பி. கல்லு பொறுக்காம சோறாக்குனா உங்க அண்ணன் தட்டைத் தள்ளிருவாரு. எனக்குத் தினமும் அதான் வேலை" என்றாள். அதுதான் உண்மைக் காரணம் என்று எடுத்துக்கொண்டேன்.

காளவாசல் வாசலில் ஒரு வேடிக்கை நடந்தது. நான் கல்லூரி பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கையில் சுத்தியல், பையில் நோட்டு, பேனா. நேராகப் போய் முதல் குவியலில் ஒரு கல்லை எடுத்து உடைத்து, கண்ணருகே வைத்துப் பார்த்தேன். சீனிக் கட்டி மாதிரிப் பளபளத்தது. நம்மூர்க் கல். வெந்து இறுகிய ஜாதி, சிப்பி இருக்காது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கீழே போட்டேன். மேஸ்திரி ஓடி வந்தார். நாற்காலி வந்தது. ஒரு பையனை அனுப்பிக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். கல்லில் ஒன்றும் கலப்படம் இல்லை, தோல் ஷாப்பு முதலாளிமார் யாராவது புகார் கொடுத்தார்களா என்று தணிந்த குரலில் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சோடாவும் வந்துவிட்டது.

மதினி பெட்டியைக் கீழே வைத்தாள். "ஆபீசரும் இல்ல ஒண்ணும் இல்லண்ணே. எங்க வீட்டுக் கொழுந்தன். இவரு சிப்பியை நான் சுண்ணாம்பாக்கிட்டேன். பதிலுக்குக் கொஞ்சம் பொறுக்கிட்டுப் போறோம்."

மேஸ்திரி முகம் மாறிய வேகத்தில் நாற்காலியைப் பிடுங்கிவிடுவார் என்று நினைத்தேன். நல்லவேளை, சிரித்துவிட்டார். சோடாவைக் குடிக்கச் சொன்னார். போகி அன்று அடுப்பு மூட்டவில்லை, ரயில் கல் குவியல் அந்தப் பக்கம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கல்லால் தனக்கும் நிம்மதி இல்லை, நடுநடுவே களிமண் இருந்து, தண்ணீர் ஊற்றினாலும் நீறாமல் உயிரை எடுக்கிறது என்றார்.

அந்தக் குவியலைப் பார்த்ததும் ஊட்டத்தூர் ஓடை நடந்து வந்து திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. அதே பழுப்பு மஞ்சள், அங்கங்கே அதே சாம்பல் ஏடு. நான் சுத்தியலை எடுத்து ஒவ்வொரு கல்லாகத் திருப்பி, யோசித்து, உடைத்துப் பார்த்தேன். மதினி சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை மட்டும் ஓட்டினாள். சொளகில் பருப்பைப் பரப்பி வைத்துக்கொண்டு பார்ப்பது போலவே கல்லைப் பார்த்தாள். நான் ஒன்று எடுப்பதற்குள் அவள் மூன்று எடுத்துவிட்டாள். கைப்பிடி அளவு கனத்த சிப்பி, விசிறி போல வரி போட்டது, பென்சில் முனை போல ஒன்று. ஒவ்வொன்றையும் என்னிடம் நீட்டி, "இது ஆகுமா?" என்பாள். நான் பெயர் சொல்வேன். அந்தப் பெயர்களைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இப்படிப் பெயர் வைத்தால் பிள்ளை எப்படி உருப்படும் என்று கேட்டாள்.

பிறகு ஒரு பெரிய பலகைக் கல்லைப் புரட்டி நிறுத்தச் சொன்னாள். அதன் ஓரம் முழுக்கச் சிப்பிகள் வரிசையாக வெட்டுப்பட்டுத் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு பிறை.

"இதுல எல்லாமே ஒரே பக்கமா வளைஞ்சு கெடக்கு பாருங்க. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வச்ச மாதிரி. ஒண்ணாவது மல்லாந்து கெடக்கணும்ல?"

எனக்கு விடை தெரியாது. மூன்று வருடம் படித்தவன் என்ற மரியாதையைக் காப்பாற்ற, அது அப்படித்தான் இருக்கும் என்றேன். மதினி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போனாள். பானையும் வாங்கிக்கொண்டு, பதினைந்து சிப்பியும், அந்தப் பலகையிலிருந்து உடைத்த ஒரு துண்டுமாக இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பினோம்.

பொங்கலன்று சாயங்காலம் எல்லாவற்றையும் பரப்பிப் பெட்டி செய்ய உட்கார்ந்தேன். அட்டைப் பெட்டி, பஞ்சு, மதினி காப்பாற்றிய சீட்டுகள். அப்போதுதான் எனக்குள் அந்த எண்ணம் வந்தது. வந்தது என்ன, எதிரிலேயே கிடந்தது. ஏழாம் எண் சீட்டு ஒரு கனத்த சிப்பிக்கு எழுதியது. கையிலிருப்பதும் அச்சு அசலாக அதே சிப்பி. பன்னிரண்டாம் எண்ணுக்கு அந்தப் பென்சில் முனை. சீட்டை வைத்தால் போதும். பேராசிரியருக்குத் தெரிய வழியே இல்லை. அண்ணனும் எட்டிப் பார்த்துவிட்டு அதையே சொன்னான். சீட்டும் இருக்கிறது, சிப்பியும் இருக்கிறது, வைத்துக் கட்டிக்கொண்டு போ, எல்லாம் ஒரே கடல்தானேடா என்றான். நியாயமாகத்தான் பட்டது. ஐந்தாறு சீட்டுகளை அப்படியே வைத்தும்விட்டேன்.

கரும்பு கடித்துக்கொண்டு வந்த மதினி ஏழாம் எண் சீட்டைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றாள். படித்துத் தமிழில் சொன்னேன். பெயர், படுகை, ஊட்டத்தூர் ஓடையின் வடகரை.

"இது ரயிலடியில எடுத்ததுல்ல?"

"ஆமா மதினி."

"ஓ" என்றாள். கரும்புச் சக்கையைத் துப்பப் போய்விட்டாள்.

எனக்குத்தான் அதற்கு மேல் கை ஓடவில்லை. எழுத்து இருக்கிறதென்று அவள் பத்திரமாக எடுத்து வைத்த தாள். அதில் இருப்பது உண்மை என்று நம்பித்தான் எடுத்து வைத்தாள். வைத்த சீட்டுகளை எல்லாம் திரும்ப எடுத்தேன். புதிதாகப் பதினைந்து சீட்டு வெட்டினேன். ஒவ்வொன்றிலும் சிப்பியின் பெயரை எழுதி, இடம் என்ற வரியில், 'திண்டுக்கல் சுண்ணாம்புக் காளவாசல். கல் ரயிலில் வந்தது. சொந்த இடம் தெரியாது' என்று எழுதினேன். சிவந்த ஐந்துக்கும் பழைய சீட்டையே வைத்து, கீழே 'காளவாசலில் சுடப்பட்டது' என்று சேர்த்தேன். எழுதி முடித்தபோது நிம்மதியாக இருந்தது. அரைமணி நேரம் கழித்துப் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மதினி வாய்க்கால் பக்கமிருந்து ஈரக் கையோடு வந்தாள். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவள். "தம்பி, செத்த நேரம் இங்கிட்டு வாங்க" என்று கூப்பிட்டாள்.

வாய்க்காலில் இறைத்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் நாலைந்து கொட்டாங்குச்சிச் சில்லுகளைப் போட்டிருந்தாள். ஒன்றை எடுத்து மல்லாக்க வைத்தாள். தண்ணீர் அதன் விளிம்பைத் தூக்கிப் புரட்டிக் கவிழ்த்தது. கவிழ்ந்ததும் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. இன்னொன்றை வைத்தாள். அதுவும் அப்படியே.

"மல்லாந்து கெடந்தா தண்ணி விடமாட்டேங்குது. கவுந்துட்டா ஒண்ணும் செய்யல. அதான் அந்தச் சிப்பியெல்லாம் கவுந்து கெடந்திருக்கு. நீங்க என்னமோ அது அப்படித்தான்னு சொன்னீக."

பஸ் வரும் சத்தம் கேட்டது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருச்சி வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை பேராசிரியர் பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் படித்தார். முகம் சுருங்கியது. நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை நம்பியதாகவோ நம்பாததாகவோ காட்டிக்கொள்ளவில்லை. பெட்டியை வாங்கிக்கொள்கிறேன், இடம் தெரியாத படிவத்துக்கு மதிப்பு பாதிதான், மீதியைத் தேர்வாளர் முடிவு செய்யட்டும் என்றார். பங்குனி வரைக்கும் என் வயிற்றில் ஒரு கல் இருந்தது. அது எந்தப் படுகை என்று எனக்கே தெரியாது.

தேர்வாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு என் சீட்டுகளை ஒன்றுவிடாமல் படித்தார். சுடப்பட்டது என்றால் என்ன அர்த்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பொங்கல், வெள்ளையடிப்பு, மதினி எல்லாவற்றையும் சொன்னேன். மதினிக்கு ஆங்கிலத்தில் சரியான சொல் கிடைக்காமல் தடுமாறினேன். பக்கத்திலிருந்த பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது.

தேர்வாளர் சிரிக்கவில்லை. பெட்டியில் உபரியாக வைத்திருந்த பலகைத் துண்டை எடுத்தார். எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது, எந்தப் படுகை என்றும் தெரியாது, அப்படியானால் இந்தக் கல்லைப் பற்றி உன்னால் என்னதான் சொல்ல முடியும் என்று கேட்டார்.

கல்லை அவர் கையிலிருந்து வாங்கினேன். திருப்பி மேசையில் வைத்தேன். கடலில் இது இப்படித்தான் கிடந்தது, இதுதான் மேல்பக்கம் என்றேன். எப்படித் தெரியும் என்றார். சிப்பிகள் எல்லாம் கவிழ்ந்திருக்கின்றன, அடியில் தண்ணீர் ஓட்டம் இருந்திருக்கிறது, மல்லாந்த சிப்பியை ஓட்டம் புரட்டிவிடும், கவிழ்ந்ததை விட்டுவிடும் என்றேன். எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்டார். புத்தகத்தில் படிக்கவில்லை, எங்கள் வெங்காயப் பாத்தி வாய்க்காலில் பார்த்தேன் என்றேன். காட்டியது யார் என்பதையும் சொன்னேன். சிப்பியைச் சுட்ட அதே ஆளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார்.

முதல் வகுப்பு வரவில்லை. இடம் தெரியாத பதினைந்துக்கும் பாதி மதிப்பெண் போனது போனதுதான். இரண்டாம் வகுப்பில் தேறினேன். சிவந்த அம்மோனைட் ஒன்றைக் கல்லூரி அலமாரிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். என் சீட்டோடு அது அங்கே இருக்கிறது. பேராசிரியர் 'சுடப்பட்டது' என்பதற்குக் கீழே தன் கையால் ஒரு கோடு இழுத்திருந்தார்.

தேர்வு முடிவு வந்த அன்று அப்பா ஊர் முழுக்க வெல்லம் கொடுத்தார். இனிமேலாவது கிணற்றுக்கு இடம் சொல்வானா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டுப் போனார்கள். வாய்க்கால் விஷயத்தைத் தேர்வாளர் முன்னால் சொன்னேன் என்றதும் மதினி பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டு, என் பேரைச் சொன்னீகளா என்றாள். பேர் சொல்லவில்லை, மதினி என்றுதான் சொன்னேன் என்றேன். அதுவும் சரிதான் என்று மறுபடி துலக்க ஆரம்பித்தாள்.

அடுத்த பொங்கலுக்கு நான் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில்தான் இருந்தேன். பழையபடி சுக்கான்கல் சுண்ணாம்புதான் அடித்தார்கள். லேசாக மஞ்சள் பூத்தது. எதிர் வீட்டு அக்கா வந்து நின்று பார்த்துவிட்டு, போன வருசம் என்னமா இருந்துச்சு, இந்த வருசம் ஏன் இப்படி என்று மதினியிடம் கேட்டாள்.

மதினி மட்டையைத் தொட்டியில் முக்கிக்கொண்டே, "என்னத்தச் செய்ய. தம்பி பாசாயிருச்சே" என்றாள்.